மயிரிழை இறங்கிய காந்தாரம்

சைரன் ஊதுகிறது. யப்பான்காரனின் குண்டுக்குப் பயந்து, கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வரிசை வீடுகளின் சனமெல்லாம் செபமாலையும் கையுமாகப் பதுங்குகுழிக்கு ஓடுகிறது. சூசைதாசன் மட்டும் வாசலில் நின்று, ஒரு விரலை உயர்த்திக்கொண்டு காது கொடுக்கிறார்.

"கேட்டீங்களோ? கீழயிருந்து மேலமட்டும் ஒரு சுருதியும் விடாமத் தொட்டுக்கொண்டு போறான். இந்த ஊரில ஒழுங்காப் பாட்டுப் படிக்கிறது இது ஒண்டுதான்."

குழிக்குள்ளிருந்து அவர் மனைவி மாக்ரெட் கத்துகிறார்: "இஞ்சாருங்கோ, குண்டு விழேக்க அதின்ர சுருதியையும் பாத்துப்போட்டு வாங்கோ!"

பகலில் சூசைதாசன் புதுக்கடை நீதிமன்றத்தடியில் ஒரு பிரக்கிராசியாரிடம் கிளாக்கர். அதனால் எந்த வழக்கிலும் அவர் தோற்றதில்லை. தவணை மட்டும் கேட்பார். மாலையில் எங்கள் கோயிலில், காலால் மிதித்துக் காற்றூட்டும் தன் சொந்த ஆர்மோனியப் பெட்டியை வாசிக்கிறார். சட்டைப் பையில் செபமாலையோடு ஒரு சின்ன அரமும் கிடக்கும். யார் வீட்டில் தேத்தண்ணி கொடுத்தாலும் முதலில் கோப்பையை நகத்தால் தட்டிப் பார்த்து, "கொஞ்சம் இறக்கம்" என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பார். எங்கள் சேவல் கூவுவதைக்கூட "அரைக் கட்டை கூட" என்றார். பாலன் பிறந்த நத்தாருக்கு அந்தச் சேவலைக் குழம்பு வைத்து அவருக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினோம். அப்போது சுருதி பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அரம் பையில் ஏறியதற்குக் காரணம் மாக்ரெட்தான். மாக்ரெட் மாதா பாட்டு எடுத்தால் எங்களுக்குக் கண் கலங்கும். ஆனால் கன்னியர் மடத்தில் பியானோ பழகிய றோஸி பாட்டுக் கூட்டத்துக்குத் தலைவியாக வந்ததும், "அக்கா 'கா'வில இறங்கிறா, பெட்டியோட சேருதில்ல" என்று கண்டுபிடித்தாள். மாக்ரெட்டின் தனிப்பாட்டு பறிபோயிற்று. இத்தனை வருடமாக அவர் இறங்கிக்கொண்டிருந்ததும் தெரியாமல் நாங்கள் அழுதிருக்கிறோம். படிப்பில்லாத கண்ணீர்.

சூசைதாசன் அன்று சோறு தின்னவில்லை. "அவ இறங்கேல்ல. பெட்டிதான் ஏறி நிக்குது" என்று வழக்கை எடுத்துக்கொண்டார்.

அதில் நியாயமும் இருந்தது. எந்தக் கட்டையில் தொடங்கினாலும் பாட்டு ஓடவேண்டும் என்று, பெட்டி செய்கிறவர்கள் சுரங்களை மயிரிழை தள்ளியே வைத்து அனுப்புகிறார்களாம். "வெள்ளைக்காரன்ர நீதி கண்டீங்களோ? எல்லாருக்கும் கொஞ்சங் கொஞ்சம் அநியாயம். ஒருத்தருக்கும் முறையிட வழியில்ல" என்று எனக்கு விளக்கினார். பிறகு பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளை அரத்தால் அராவி, 'கா'வையும் 'தா'வையும் மாக்ரெட்டின் தொண்டைக்கு இறக்கினார். ஒரு கட்டைச் சுருதியில் வைத்து ஸா, கா, பா மூன்றையும் சேர்த்து அமுக்கினார். நாங்கள் கூட்டுச்சுரம் என்போம். றோஸிக்கு அது 'கோட்'. தேன் வழிந்தது போலிருந்தது. றோஸியே தலையாட்டினாள். தனிப்பாட்டு மாக்ரெட்டிடம் திரும்பி வந்தது.

பிசகு மாதாவின் பெயரால் வந்தது. மாதா மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாளில் படிக்கும் பாட்டு ஒரு கட்டையில் தொடங்கி, கடைசிச் சரணத்தில் இரண்டு கட்டைக்கு ஏறும். அங்கே போனதும் பழைய 'ரீ'தான் ஸா. பழைய 'தா' போய்ப் 'பா'வின் உத்தியோகத்தைப் பார்க்கவேண்டும். அராவின 'தா'வுக்கு அந்த உத்தியோகத்துக்கு உயரம் காணாது. ஒத்திகையில் அந்தக் கூட்டுச்சுரத்தை அமுக்கியதும் பெட்டி ஊளையிட்டது. தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து மரியாதையாக மறுமொழி சொன்னது.

"நாயின்ர காது பிழை" என்றார் சூசைதாசன்.

பங்குச் சுவாமியார் நாயின் கட்சி. "சூசை, திருநாளில இது இன்னொருக்கா ஊளையிட்டா உம்மட பெட்டியும் வேண்டாம், மாக்ரெட்டின்ர தனிப்பாட்டும் வேண்டாம். இனிமேல் றோஸி படிக்கட்டும்."

"சுவாமி, முழுப் பாட்டையும் ஒரே கட்டையில படிச்சா என்ன?"

"மாதா மோட்சத்துக்கு ஏறுறா. பாட்டு கீழ நிண்டு அண்ணாந்து பாக்கிறதோ?"

நான் படித்த ஞானோபதேசத்தில் மாதா எந்தக் கட்டையில் ஏறினார் என்று எழுதியிருக்கவில்லை.

சூசைதாசன் புத்தி கேட்க வெள்ளவத்தைக்குப் போனார். அங்கே வயலின் பழக்கும் சண்முகலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். "எங்கட பாட்டில ஸா வீடு மாறாது, ஐசே. உங்கட பாட்டிலதான் கடைசியில வீடு மாறுது. வீடு மாறினாச் சட்டி பானையும் கூடப் போகவேணுமெல்லோ?"

வேறொருவராக இருந்தால் இதைக் கேட்டு அரத்தைக் கடலில் எறிந்திருப்பார். சூசைதாசன் சட்டி பானையை இரட்டிப்பாக்கினார். கறுப்புக் கட்டைகளுக்குப் பின்னால் சுருட்டுப் பெட்டிப் பலகையில் குட்டிக் கட்டைகள் முளைத்தன. உள்ளே புது நாக்குகள். "இருபத்திரண்டு சுருதியும் இதுக்குள்ள வரும்" என்றார். எங்களுக்கும் அவருக்கும் ஒரே சுவர் என்பதால் அவை ஒவ்வொன்றாக வந்ததை நாங்களும் அனுபவித்தோம். ஒரு கூட்டுச்சுரத்தைத் திருத்தினால் ஊளை அடுத்ததுக்குப் போயிற்று. நம் வாசல் குப்பையைப் பக்கத்து வாசலுக்குப் பெருக்கிவிடுவது போல. எட்டாத கட்டைக்குப் பெருவிரல், அதுவும் போதாமல் ஒருநாள் மூக்கு. மனுஷனுக்குப் பத்து விரல் போதும் என்று தீர்மானித்த அன்று, ஆண்டவர் சூசைதாசனை ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

"பேசாமப் பழையபடி மாத்திப்போடுங்கோ. நான் பின்னால நிண்டு படிக்கிறன்" என்றார் மாக்ரெட்.

"நீர் சும்மா இரும். எல்லாம் சரி. கோயில் சுவரிலதான் கொஞ்சம் எதிரொலி."

திருநாள் பூசைக்கு வாசல் வரை சனம். எனக்கு ஆர்மோனியத்துக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் இடம் கிடைத்தது. றோஸி தன் பாட்டுத் தாளைச் சரியான பக்கத்தில் திறந்து ஆயத்தமாக வைத்திருந்தாள்; நல்ல மனசுள்ள பிள்ளை. மாக்ரெட் தொடங்கினார். தொண்டை எது, பெட்டி எது என்று பிரிக்க முடியாமல் சரணங்கள் போயின. கடைசிச் சரணத்துக்கு மாக்ரெட் மூச்செடுத்தார். சுவாமியாரின் தலை பீடத்திலிருந்து மெல்லத் திரும்பியது.

சூசைதாசன் தன் குட்டிக் கட்டைகளைப் பார்த்தார். மனைவியின் முதுகைப் பார்த்தார்.

பெட்டி அடங்கிவிட்டது. மாக்ரெட்டின் குரல் மட்டும் தனியே இரண்டு கட்டைக்கு ஏறிற்று. தனக்கு வேண்டிய 'கா'வையும் 'பா'வையும் அதுவே கையோடு கொண்டு போயிருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். மிதிபலகையை விட்டிறங்கிய சூசைதாசனின் பாதங்கள் இரண்டும் தரையில் சேர்ந்திருந்தன. மேலே, காற்றில்லாத கட்டைகளில், அவர் விரல்கள் ஒரு கூட்டுச்சுரமும் தவறாமல் அமுக்கி அமுக்கி, மாக்ரெட்டுக்குப் பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தன.