தோலோடு விற்ற நாக்கு

கேட்டாலொழியச் சொல்வதில்லை என்பது கறிக்காரம்மாவின் கொள்கை. அந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட்டின் பின்கோடியில், கண்ணாடிப் பெட்டிக்கும் வெட்டுமேசைக்கும் நடுவே நின்றுகொண்டு, எந்தப் பாகம், எவ்வளவு, துண்டு பெரிதா சிறிதா என்று கேட்பவர்களுக்கு மட்டும் விடை கொடுப்பார். மிச்ச நேரத்தில் கத்தி தீட்டுவார். வாங்கிப் போனவர் அதை எப்படிச் சமைத்தார், சமைத்தது வெந்ததா, வெந்தது வயிற்றில் தங்கியதா என்பதெல்லாம் அவரவர் தலைவிதி.

இந்தக் கொள்கை தானாக முளைத்ததன்று. முன்பு அவர் அதே கடையின் வாசற்பக்கம் பில் போட்டுக்கொண்டிருந்தவர். பழைய வெட்டுக்காரர் முதுகுவலி என்று விலகிய வாரத்தில், மீசை வைத்த ஊழியர்கள் அத்தனை பேரும் இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றுகிறது என்று ஒதுங்கிவிட, இவர்தான் மேலங்கியை மாட்டிக்கொண்டு போய் நின்றார். ஓராண்டுக் காலம் வாடிக்கையாளர்கள் அவரையே நேராகப் பார்த்து, "ஆள் யாரும் இல்லையா?" என்று கேட்டார்கள். ஒருமுறை வறுவலுக்கென்று கால்கறி கேட்ட ஒருவரிடம், "இது வறுத்தா முறுக்கிக்கும் சார், நல்லா வேக விட்டுச் சாப்பிடுங்க" என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டார். அந்த மனிதர், "நீ வெட்டுறத வெட்டும்மா. சமையல எங்க வீட்ல பாத்துக்குவாங்க" என்றார். அன்று மூடிய வாயைத் தொழில் விஷயத்தில் அவர் தாமாகத் திறந்ததில்லை. குத்திக் காட்டுவதற்குத் திறந்ததுண்டு. அதற்கு யாருடைய கேள்வியும் வேண்டியிருக்கவில்லை.

அப்படிப்பட்டவரிடம் ஒரு காலையில் மேலாளர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். அவர் இவரைவிட மிகவும் இளையவர், கழுத்துப்பட்டை கட்டியவர், கெட்ட செய்தியைச் சொல்லும்போது மட்டும் குரலில் தேன் வடியும்.

"அக்கா, மேல பேசிட்டு இருக்காங்க. இனிமே கறி எல்லாமே பாக்கெட்ல வரட்டும்னு. இந்த இடத்துல நீளமா ஒரு ஃப்ரிட்ஜ் வெச்சிடலாம்னு."

"அப்ப நான் எங்க நிக்கிறது?"

"நீங்க அதுல பாக்கெட் அடுக்கலாம்."

"கறி வெட்டுனவள பொட்டலம் அடுக்கச் சொல்றீங்க. நல்லா இருக்கு தம்பி."

"முதலாளி நேர்ல வந்து பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாராம். கூட்டம் இருந்தா மேசை நிக்கும்."

கூட்டம் எங்கே இருந்தது? ஊர் முழுவதும் கொத்துக்கறி தின்றுகொண்டிருந்தது. தொழிற்சாலையில் அரைத்துத் தட்டில் அமுக்கி, மெல்லிய தாள் ஒட்டி வரும் சிவப்புப் பிசின் அது. அதில் எலும்பில்லை, நரம்பில்லை, மாடு என்று ஒன்று எப்போதாவது நின்றது, நடந்தது என்பதற்கான அடையாளமே இல்லை. நாகரிகமானவர்களுக்கு அதுதான் வசதி. கறிக்காரம்மாவின் கண்ணாடிப் பெட்டியிலோ நாக்கு நாக்காகவே கிடந்தது. வால் வாலாகவே சுருண்டிருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பல ஆண்டு வாடிக்கையாளர், வரும்போதெல்லாம் நாக்கின்மேல் ஒரு தாளைப் போட்டு மூடச் சொல்லிவிட்டுத்தான் தமக்கு வேண்டிய தொடைக்கறியைக் கேட்பார். பார்த்தால் குமட்டுகிறதாம்.

அந்த நிலையில்தான் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. கொத்துக்கறித் தொழிற்சாலையில் ஏதோ கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. குறிப்பிட்ட எண் அச்சிட்ட பாக்கெட்டுகளை வாங்கியவர்கள் தின்னாமல் திருப்பித் தர வேண்டும். கடை வாசலில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அறிவிப்பு நாலே வரிதான். அதைப் படித்துப் புரிந்துகொள்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மக்கள் செய்தார்கள்.

பொருள் திருப்பும் மேசையில் கூட்டம் நெரிந்தது. எண்ணைப் பார்த்தவர் ஒருவருமில்லை. ஒருவர் காலித் தட்டைக் கொண்டுவந்து, உள்ளே இருந்ததைக் குடும்பத்தோடு தின்றுவிட்டதாகவும், ஆனாலும் மனவேதனைக்கு ஈடு வேண்டும் என்றும் வாதாடினார். ஒரு பெண்மணி கோழிக்கறியைக் கொடுத்தார். ஒரே குளிர்ப்பெட்டியில் இருந்ததால் தொற்றியிருக்கும் என்பது அவருடைய ஆராய்ச்சி. இன்னொருவர் வேறு கடைப் பையோடு வந்தார்.

"இது எங்க கடையில வாங்கினது இல்லைங்களே" என்றாள் மேசையில் இருந்த பெண்.

"கிருமிக்கு எந்தக் கடைன்னு தெரியுமா? வாங்கி வைம்மா."

பாக்கெட்டின்மேல் பயம் வந்தவுடன் மக்களுக்கு உண்மையான கறியின்மேல் திடீர்ப் பக்தி பிறந்தது. கண்ணெதிரே வெட்டியதுதான் தூய்மை என்று யாரோ கைப்பேசியில் பேசியதை எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பினார்கள். பின்கோடிக்கு வழி தெரியாதவர்களெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். தொடையும் முதுகும் முதல் நாளிலேயே தீர்ந்தன. எஞ்சியவை நாக்கு, இருதயம், வால், தாடை, குடல். முன்பு மூக்கைச் சுளித்தவர்கள் இப்போது அவற்றின் பெருமையை ஒருவருக்கொருவர் எடுத்துரைத்தார்கள். ஆதிமனிதன் முதலில் தின்றது உறுப்புகளைத்தானாம். அவன் எத்தனை வயதில் செத்தான் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

"இது யாரோட நாக்கு?" என்று ஓர் இளம்பெண் சந்தேகத்தோடு கேட்டாள்.

"மாட்டோடதும்மா. என்னோடத இன்னும் விக்க ஆரம்பிக்கல."

தலைமையாசிரியரும் வந்தார். தாள் போடச் சொல்லவில்லை. இரண்டு நாக்குகளைச் சுட்டிக்காட்டி, "பெருசா குடும்மா. புரதம் ஜாஸ்தியாம்" என்றார், புரதத்தைத் தாமே கண்டுபிடித்தவர்போல.

கறிக்காரம்மா எடுத்து நிறுத்தார், சுற்றிக் கொடுத்தார். மாட்டு நாக்கு தடித்த வெள்ளைத் தோலால் மூடியது, அரம்போலச் சொரசொரப்பானது. நீண்ட நேரம் வேகவைத்து, சூட்டோடு அந்தத் தோலை உரித்து எறிந்தால்தான் உள்ளே மெத்தென்ற கறி கிடைக்கும். பழைய வாடிக்கையாளர்கள் ஓரிருவருக்கு இது தெரியும். புதியவர்களுக்குத் தெரியாது என்பது கறிக்காரம்மாவுக்குத் தெரியும். அவர்கள் கேட்கவில்லை; ஆகவே அவர் சொல்லவில்லை. நாக்கு தோலோடு போய்க்கொண்டே இருந்தது.

மேலாளர் பூரித்துப்போனார். "அக்கா, வெள்ளிக்கிழமை முதலாளி வர்றார். இதே வரிசை அன்னிக்கும் நின்னா போதும். ஃப்ரிட்ஜ் பேச்சே எடுக்க மாட்டார்."

அன்று மாலை வீட்டில் இந்தச் செய்தியைச் சொல்லும்போது கறிக்காரம்மாவின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு வெளிச்சம் இருந்தது. கணவர் பேருந்து நிலையத்தில் வண்டிகளின் நேரம் அறிவிப்பவர். கேட்கிறவனுக்கும் கேட்காதவனுக்கும் சேர்த்து ஒலிபெருக்கியில் சொல்லியே பழகியவர்.

"நல்ல சேதிதான்" என்றார் அவர். "ஏம்மா, நாக்கு வாங்கிட்டுப் போறவங்களுக்கு உரிக்கணும்னு சொல்றியா?"

"கேட்டாச் சொல்லுவேன்."

"கேக்கத் தெரிஞ்சாத்தானே கேப்பாங்க?"

"வாயிருக்கில்ல. ஆதிமனுஷன் என்ன தின்னான்னு தெரிஞ்சு வெச்சிருக்காங்க, இத எப்படித் திங்கிறதுன்னு கேட்டா கொம்பு ஒடிஞ்சிடுமா?"

"யாரோ ஒருத்தன் எப்பவோ எடுத்தெறிஞ்சு பேசிட்டான்னு ஊருக்கே வாயப் பூட்டி வெச்சிருக்க. மேசை போச்சுன்னா அவனா வந்து நிக்கப் போறான்?"

"நீங்க உங்க பஸ்ஸப் பாருங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கணவர் சொன்னது சரி என்று அவருக்குப் படாமல் இல்லை. ஆனால் அவமானத்தைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பவர்கள் சாவியை அவ்வளவு சுலபமாக எடுப்பதில்லை. அதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்குச் சுயமரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டால் கேட்பதற்கும் நன்றாயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். வரிசையும் நின்றது. ஆனால் அது வெட்டுமேசையின் முன்னால் இல்லை, பொருள் திருப்பும் மேசையின் முன்னால்.

நாக்கு வாங்கிய புதியவர்கள் அனைவரும் அதைக் கழுவி நறுக்கி எண்ணெயில் போட்டு வறுத்திருந்தார்கள். மென்று பார்த்தார்கள், செருப்பு அதைவிட மிருதுவாக இருந்திருக்கும். உற்றுப் பார்த்தார்கள், மேலெல்லாம் வெள்ளையாக, முள்முள்ளாக ஏதோ படர்ந்திருந்தது. கிருமிச் செய்தியில் ஊறிப்போயிருந்த மூளைக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? டப்பாக்களில் அடைத்துக்கொண்டு அணி திரண்டுவிட்டார்கள்.

"பாருங்க, பூசணம் பிடிச்சிருக்கு."

"பூசணம் இல்லைங்க, அது ஏதோ நோய். எங்க வீட்ல ராத்திரியெல்லாம் யாரும் தூங்கல."

"கொத்துக்கறியத் திருப்பி எடுத்துக்கிட்டாங்கல்ல, இதையும் எடுத்துக்கச் சொல்லுங்க."

கிருமி, நோய், திருப்பி எடுங்கள் என்ற சொற்கள் முதலாளியின் காதில் விழுந்தன. அவருடைய முகம் வெளிறியது. மேலாளர் பின்கோடிக்கு ஓடினார்.

"அக்கா, வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அது தோல்தான், உரிச்சாப் போதும்னு. தன்மையாச் சொல்லுங்கக்கா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் உரிச்சுப் பாத்தா அவங்களே வாயடைச்சுப் போயிடுவாங்க."

இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது. முதலாளி நிற்கிறார், ஊரே நிற்கிறது, ஊருக்குத் தெரியாதது இவருக்குத் தெரிகிறது. நாலு சொல் இதமாகச் சொன்னால் மேசை நிலைக்கும். கறிக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு உண்மையாகவே சொல்லத்தான் வந்தார். ஆனால் வரிசையின் முன்னால் தலைமையாசிரியர், திறந்த டப்பாவை முகத்துக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கோணியபடி நின்றிருந்தார்.

"உரிக்காமலா தின்னீங்க சார்?" என்றார் கறிக்காரம்மா. என்றவர் சிரித்தார். கொஞ்சமாகச் சிரித்து நிறுத்தியிருக்கலாம். எத்தனையோ ஆண்டாகச் சேர்த்து வைத்த சிரிப்பு அது. மேலங்கியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, குனிந்து நிமிர்ந்து சிரித்தார்.

பிறகுதான் விளக்கினார். அது புல் மேய்கிற விலங்கின் நாக்குக்குரிய தோல் என்றும், வேகவைத்துச் சூட்டோடு உரிக்க வேண்டும் என்றும், கத்தி முனையால் நுனியிலிருந்து தொடங்கினால் உறைபோலக் கழன்றுவிடும் என்றும் ஒன்றும் விடாமல் சொன்னார். எல்லாம் சரியான செய்தி. ஒருவரும் கேட்கவில்லை. அறியாமையைச் சுட்டினால் பொறுத்துக்கொள்கிற மனிதன் அதைப் பார்த்து யாராவது சிரித்தால் பொறுப்பதில்லை. அதுவும் மேலங்கி போட்டவர் சிரித்தால்.

"இத விக்கிறப்பவே சொல்றதுக்கு என்ன?" என்றார் தலைமையாசிரியர். காது சிவந்திருந்தது.

"நீங்க கேக்கலியே."

முதலாளி முன்னால் வந்தார். "கேக்கலன்னா சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேங்க."

"பாக்கெட்ல எல்லாமே அச்சடிச்சு வருது" என்றார் முதலாளி அமைதியாக. "யாரும் கேக்க வேண்டியதில்ல. அது யாரையும் பாத்துச் சிரிக்கிறதும் இல்ல."

அவ்வளவுதான் விசாரணை. அடுத்த வாரம் வெட்டுமேசையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். அந்த இடத்தில் நீண்ட ஃப்ரிட்ஜ் வந்து நின்று முனகத் தொடங்கியது. கறிக்காரம்மாவுக்கு வேறு நிறத்தில் ஒரு மேலங்கி கொடுத்தார்கள்; அதில் கறை படிய வாய்ப்பே இல்லை.

கொத்துக்கறி திரும்பி வந்தது. தாளின் நிறம் மாறியிருந்தது. மூலையில் தள்ளுபடிச் சீட்டு ஒட்டியிருந்தது. ஆதிமனிதனை மறந்துவிட்டு ஊர் மறுபடி அதை அள்ளத் தொடங்கியது. கையில் கூடையோடு ஒரு பெண்மணி வந்து நின்று பாக்கெட்டுகளைப் புரட்டினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அடுக்கிக்கொண்டிருந்த கறிக்காரம்மா நிமிர்ந்தார். தொழிலில் அத்தனை காலத்துக்குப் பிறகு தாமாக வாயைத் திறந்தார்.

"இது அதே ஃபேக்டரி சரக்குதாங்க. தாள மட்டும் மாத்தியிருக்காங்க. நல்லா வேக வெச்சுச் சாப்பிடுங்க."

பெண்மணி அவரை மேலும் கீழும் பார்த்தார். "தள்ளுபடி இன்னிக்கு மட்டும்தானா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்" என்றார் கறிக்காரம்மா.

அப்படியானால் இன்னும் இரண்டு என்று எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு அவர் போனார். கறிக்காரம்மா காலியான இடத்தில் புதிய பாக்கெட்டுகளை வைத்து, எழுத்து முன்பக்கம் தெரியும்படி திருப்பினார்.