நெஞ்சு மட்டும் நீங்கலாக

துபாயில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். எனக்கு இதய அறுவை சிகிச்சை ஆகி இரண்டு வருடம். விமானத்தில் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். பயணக் காப்பீடு ஒன்றுதான் பாக்கி.

ஆரணியில் பட்டுச்சேலை விற்கும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சேலையில் எங்காவது இழை அறுந்திருந்தால், வாங்க வந்தவரிடம் முதலில் அந்த இடத்தைத்தான் விரித்துக் காட்டுவோம். பிறகுதான் விலை பேசுவோம். அதே பழக்கத்தில், காப்பீட்டு ஏஜென்ட் கேட்கும் முன்பே ஆஸ்பத்திரி ஃபைலை அவர் மேசையில் விரித்து வைத்தேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்த ஏங்க காட்டினீங்க? இப்ப பிரீமியம் மூணு மடங்கு ஆவும்."

"மறைச்சிட்டுப் போய், அங்க எனக்கு எதனா ஆச்சின்னா?"

"அப்ப ஒண்ணும் தர மாட்டாங்க."

"சரிங்க, மூணு மடங்கே கட்டறேன். நெஞ்சு வலி வந்தா தருவாங்களா?"

"அதுக்கு மட்டும் கிடையாதுங்க. ஏற்கெனவே இருக்கிற நோவாச்சே. கை கால் உடைஞ்சா தருவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறைத்தாலும் கிடையாது, உண்மையைச் சொல்லி மூன்று மடங்கு கட்டினாலும் கிடையாது. பழுதுள்ள சேலைக்கு நாங்கள் விலையைக் குறைப்போம். இவர்கள் விலையை ஏற்றிவிட்டு, பழுதான இடத்தையும் வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மடித்துத் தருகிறார்கள்.

ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தேன்.

"உங்க கம்பெனியில கேட்டு வைங்க. நெஞ்ச ஆரணியிலியே கழட்டி வெச்சிட்டுப் போனா எவ்ளோ கொறைப்பாங்கன்னு."