குளவிப் பெட்டியும் வதிவிட அனுமதியும்

ஐரோப்பாவில் ஒரு குட்டி நாடு. அங்கே வந்து புதுத் தொழில் தொடங்குகிற வெளிநாட்டவருக்கு ஒரு வதிவிட அனுமதி கொடுக்கிறார்கள். யோசனை புதிதாக இருக்க வேண்டும், பெரிதாக வளரக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு குழு உட்கார்ந்து கேட்டு, சரி என்று தலையாட்டினால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்கலாம். முதல் தடவை எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கருவி களத்தில் வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லையாம். இரண்டாவது தடவையும் இல்லை என்றால் அதே யோசனையோடு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. அது அவர்களுடைய விதி.

யோசனை என்னவென்றால், குளவி. டிக்கோயாவுக்கு மேலே தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டே போகும்போது மரத்திலிருக்கிற கூடு கலைந்தால் அவ்வளவுதான். முதுகில் கூடை, காலடியில் சரிவு, இரண்டு பக்கமும் இடுப்பளவு செடி. ஓடவும் வழியில்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே ஒருவர் அப்படிச் செத்திருக்கிறார். கலைந்த குளவியின் இரைச்சல் வேறு மாதிரி இருக்கும். அது நம் காதுக்கு எட்டுவதற்கு முன்பே கேட்டுவிட்டு மணி அடிக்கிற ஒரு பெட்டியைச் செய்தேன். கெம்பஸில் படித்ததற்கு நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

இங்கேயே தொடங்கியிருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கொழும்பில் ஏறி இறங்காத படியில்லை. கடன் கேட்டால் ஈடு கேட்டார்கள். நாங்கள் இருக்கிற லயக் காம்பிராவே தோட்டத்துக்குச் சொந்தம், அதில் எதை நான் ஈடு வைப்பது? தோட்டக் கம்பெனிகளில் கேட்டால், கூடு இருந்தால் ஆள் விட்டுக் கலைக்கிறோமே, பெட்டி எதற்கு என்றார்கள். கொட்டு வாங்கிய பிறகுதான் அந்த ஆள் வருவார் என்பதை அவர்களிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அதனால்தான் அந்தக் குட்டி நாடு. எனக்கு இருந்த ஒரே கதவு அது.

இரண்டாவது நேர்காணலுக்குக் குழுவிடம் நானே ஒரு யோசனை சொன்னேன். மலையில் பெண்கள் வேலை செய்வதை நேரடியாகக் காட்டுகிறேன், மணி அடித்ததும் அவர்கள் எவ்வளவு வேகமாக இறங்குகிறார்கள் என்று நீங்களே பாருங்கள் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். அம்மா கொழுந்தெடுக்கிற மலையில் ஒரு நிழல் மரத்தில் பெட்டியைக் கட்டினோம். எதிர் மரத்தில் என் பழைய போனைக் கட்டி அதையும் கூட்டத்தில் சேர்த்துவிடுவது என்று ஏற்பாடு. நான் ஹட்டன் டவுனில், தெரிந்தவர் ஒருவரின் கம்பியூட்டர் வகுப்பு அறையில் உட்கார்ந்திருப்பேன். அங்கேதான் இணையம் நிற்கும். சொன்ன நேரத்தில் என் போனிலிருந்து நானே மணியை அடிக்கச் செய்வேன்.

மலையில் வேலை வாங்குகிற கங்காணியிடம் போய்க் கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை. மேலே இருக்கிற துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அவ்வளவுதான். நாடி சொறிந்து யோசித்துவிட்டு, மூன்று மணிக்கு மணி அடிக்கட்டும், தானே விசில் ஊதி எல்லாரையும் ரோட்டுக்கு இறக்குவதாகச் சொன்னார். அஞ்சு நிமிஷம்தான், அதுக்கு மேல் தன்னால் முடியாது என்றும் சொன்னார். அம்மாவும் மற்றப் பெண்களும் இதை ஒரு கூத்தாகவே எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் பார்க்கப் போகிறானாம் என்று அன்றைக்கு ஒருத்தி புது சட்டை போட்டுக்கொண்டு போனதாக அம்மா பிறகு சொன்னார்.

கூட்டம் தொடங்கியது. திரையில் குழுவில் நாலு பேர். நடுவில் நரைத்த முடியோடு ஒரு அம்மணி, அவர்தான் தலைவி. மூலையில் இன்னொரு சின்னக் கட்டத்தில் எங்கள் மலை. பெண்கள் குனிந்து நிமிர்வது தெரிந்தது. சந்தையைப் பற்றிக் கேட்டார்கள், விலையைப் பற்றிக் கேட்டார்கள். பாடம் பண்ணிவைத்திருந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

அப்போது மணி அடித்தது.

நான் அடிக்கவில்லை. என் போன் மேசையில் கிடந்தது, அதில் என் விரல் படவே இல்லை. ஒரு நொடி எனக்கு வந்தது எரிச்சல்தான். சரியாக இன்றைக்கா பழுதாக வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த நொடி புரிந்தது. பெட்டி பழுதாகவில்லை. அதை எதற்குச் செய்தேனோ அதைத்தான் அது செய்துகொண்டிருந்தது.

குழுவில் ஒருவர் புன்னகைத்து முன்னால் சாய்ந்தார். மணி அலறுகிறது. அங்கே ஒருவரும் அசையவில்லை. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. கங்காணி நிற்கிற பக்கம். ஆனால் அவர் அங்கே இல்லை. மூன்று மணிக்குத்தானே என்று கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போயிருந்தார். விசில் வரவில்லை. அம்மா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு பார்த்தார். ஒருத்தி மறுபடி குனிந்து கொழுந்து கிள்ளத் தொடங்கினாள்.

இதை விண்ணப்பத்தில் எங்கேயும் நான் எழுதியிருக்கவில்லை. எழுதத் தோன்றவும் இல்லை. கங்காணி சொல்லாமல் நெரையை, அவரவர் செடி வரிசையை, விட்டு இறங்கக் கூடாது என்பது எங்களுக்கு மூச்சு விடுவது போல. அதை யாராவது எழுதுவார்களா?

பேசிக்கொண்டிருந்த இங்கிலீஷ் அப்படியே நின்றுவிட்டது. எழுந்து திரையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "அம்மா, நெசமாவே குளவி. நான் அடிக்கல. கூடையப் போட்டுட்டு ஓடுங்க. யாரையும் கேக்காதீங்க, ஓடுங்க."

என் குரல் மரத்தில் கட்டியிருந்த போனிலிருந்து அங்கே கேட்டிருக்க வேண்டும். அம்மா தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார். பிறகு கூடைகள் உருண்டன. செடிகளுக்கு நடுவே சேலைகள் விழுந்து எழும்பி ஓடின. யாரோ பிள்ளையாரைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கட்டத்தில் செடி மட்டும் இருந்தது. அப்புறம் அந்த இரைச்சல் வந்தது. ஹட்டனில் நானும் அந்தக் குட்டி நாட்டில் அந்த நாலு பேரும் அதைச் சேர்ந்து கேட்டோம்.

உடனே ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் தலைவி பேசினார். அவருடைய முகம் வெளுத்திருந்தது. நடந்தது நிஜமா என்று கேட்டார். நிஜம் என்றேன். அப்புறம் கேட்டார்: மணி அடித்ததும் முதலில் யாரும் நகரவே இல்லையே, ஏன்?

ஒத்திகை என்று நினைத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மையும்கூட. அதைச் சொன்னால் பெட்டிக்கும் பழுதில்லை, எனக்கும் பழுதில்லை. வாய் வரை வந்தது. ஆனால் அந்தத் தலைகள் திரும்பியதை நினைத்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மேற்பார்வையாளர் சொல்லாமல் வேலையை விட்டு அவர்கள் இறங்க முடியாது என்றேன். இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். அன்றைய நாளுக்கு அரைப்பேர்தான் விழும், அதாவது பாதிச் சம்பளம் என்றேன்.

பிறகு தலைவி மெதுவாகக் கேட்டார்: அப்படியானால் உங்கள் கருவி எதைத் தீர்க்கிறது?

"ஓட நேரம் கொடுக்கும். ஓடலாம் என்று சொல்ல அதனால் முடியாது" என்றேன். மன்னிக்கவும், என் அம்மா அங்கே இருக்கிறார் என்று சொல்லிக் கூட்டத்தை விட்டு வெளியேறினேன். அனுமதி போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் படியிறங்கினேன். அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு லொறியில் கொண்டுவந்திருந்தார்கள். அம்மாவுக்குக் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் கொட்டு. ஒரு கண் மூடிப்போய் இருந்தது. இன்னும் மூன்று பெண்கள், அவர்களோடு சத்தம் கேட்டு ஓடி வந்த கங்காணியும். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அம்மா வீங்கிய வாயால், வெள்ளைக்காரங்க என்ன சொன்னாங்க என்று கேட்டார்.

சில நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. அனுமதிக்குப் பரிந்துரைத்திருந்தார்கள். கருவி களத்தில் வேலை செய்வதைத் தாங்கள் நேரில் கண்டதாகவும், என் நேர்மையைப் பாராட்டுவதாகவும் எழுதியிருந்தது. மூன்று தரம் படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். அம்மாவிடம் சொல்ல வாசலிலேயே நின்றேன்.

அம்மா வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. வந்ததும் கூடையை இறக்கி, அதிலிருந்து பெட்டியை எடுத்துத் தந்தார். வயரை ஒழுங்காகச் சுற்றியிருந்தார். கொட்டு வாங்கிய நாலு பெண்களுக்கும் ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு இருந்ததால் பேர் முழுதாக விழுந்ததாம். தப்பி ஓடியவர்களுக்கு, கொட்டே படாதவர்களுக்கு, அரைப்பேர். காலையில் ஆள் கூட்டிப் பேர் போடுகிற பெரட்டில் வைத்தே சொல்லிவிட்டார்களாம். பெட்டி இனியும் மரத்தில் இருந்தால், மணி அடிக்கும்போது ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது என்று பெண்கள் சொன்னார்களாம். அதனால் அம்மாவே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் அனுமதி கிடைத்ததைச் சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. வீக்கம் வற்றாத கண்ணும் சேர்ந்து சிரித்தது. என் கையிலிருந்த பெட்டியை ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

"போ புள்ள, போயி நல்லபடியா செய்யி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "அங்க உள்ளவங்க மணி அடிச்சா ஓடுவாங்க தானே?"

"ஓடுவாங்கம்மா" என்றேன்.