இரண்டு பேருக்கு ஒரு பிலிம்

என் மகள் ஆசை ஆசையாய் வாங்கிய காமிரா அது. அமுக்கினால் உடனே படம் வெளியே வந்துவிடும். கொஞ்ச நாளிலேயே அவளுக்குச் சலித்துவிட்டது. அலமாரியில் போட்டுவிட்டுப் படிக்கக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். சும்மாதானே கிடக்கிறது என்று நான் கையில் எடுத்தேன். அன்றிலிருந்து திண்டுக்கல்லில் தெரிந்தவர்கள் வீட்டு விசேஷம் எதிலும் நான் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

படம் வந்ததும் வாங்கி விசிறி மாதிரி ஆட்டுவார்கள். ஆட்டாதீர்கள், கவிழ்த்து வையுங்கள், நிழலில் வையுங்கள் என்று தொண்டை வறளக் கத்துவேன். யார் கேட்கிறார்கள்? வெள்ளையாக இருக்கிறதே என்று நகத்தால் சுரண்டிப் பார்த்த அம்மாவும் உண்டு. நம் ஊர் வெயிலில் சூடேறினால் நிறம் கெட்டுப்போகும் என்பதால் பிலிம் பெட்டியைத் துண்டில் சுற்றிக் கூடைக்கு அடியில் வைப்பேன். "பெத்த புள்ளையக்கூட நீ இம்புட்டுப் பாத்துக்கல" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் துணிக்கடையில் பில் போடுகிறவள். பக்கத்து இருக்கையில் பில் போடும் பெண், தன் மகனுக்குக் காதுகுத்து என்று கூப்பிட்டாள். ஆத்தூர்ப் பக்கம் அவள் புருஷன் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து, கிடாவெட்டு. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் அவளுடைய அண்ணனும் வந்தாக வேண்டும். அங்கேதான் சிக்கல். அண்ணனுக்கும் புருஷனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏதோ ஒரு கல்யாணத்தில் தன்னை முதல் பந்தியில் உட்காரவைக்கவில்லை என்று அண்ணன் கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்தான். இவர் போய்க் கூப்பிடவில்லை, அவர் திரும்பி வரவில்லை. சோற்றுக்கு வந்த ரோஷத்தைப் பாருங்கள்!

கோயிலுக்குப் போய் இறங்கியதும் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அக்கா, அவங்க ரெண்டு பேரும் சேந்தாப்புல ஒரு போட்டோ வேணும். போன்ல எடுத்தா எங்க வீட்டுக்காரரு அழிச்சிருவாரு. கையில புடிக்கிற மாதிரி வேணும்."

"சேந்து நிப்பாங்களாக்கும்?"

"அப்பா அம்மா போய்ச் சேந்துட்டாங்க. அண்ணன் ஒருத்தன்தான்க்கா எனக்குப் பொறந்த வீடு. இன்னைக்குக் காது குத்திட்டுக் கெளம்பிட்டான்னா, இனிமே எதுக்கு வரப்போறான்?"

எனக்கு அந்த இரண்டு ஆண்களையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. இந்தப் பிள்ளை இருவருக்கும் நடுவில் கிடந்து அல்லாடுவது எவன் கண்ணுக்காவது தெரிகிறதா?

அண்ணன் மடியில் வைத்துக் காது குத்தியாயிற்று. பையன் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. அதற்குள் சொந்தக்காரப் பெண்கள் லென்ஸ் பக்கத்திலிருக்கும் குட்டிக் கண்ணாடியில் முகம் பார்த்துப் பார்த்துத் தங்களையே எடுத்துத் தள்ளிவிட்டார்கள். பார்த்தால் கூடையிலிருந்த பெட்டியும் காலி, காமிராவில் ஒரே ஒரு பிலிம் மிச்சம்.

இந்தக் காமிராவில் ஒரு வசதி இருக்கிறது. ஒரே பிலிமில் இரண்டு முறை எடுக்கலாம். முதல் முறை அமுக்கினால் படம் வெளியே வராது, உள்ளேயே காத்திருக்கும். இரண்டாவதும் எடுத்த பிறகுதான் வரும். பின்னால் கறுப்பாக இருந்தால், ஒருவரை ஒரு பக்கமும் மற்றவரை மறுபக்கமும் நிறுத்தி எடுத்து, சேர்ந்து நின்ற மாதிரி காட்டிவிடலாம். நம் வீட்டுச் சண்டைகளுக்கென்றே கண்டுபிடித்திருக்கிறான் மகராசன்.

கோயிலுக்குப் பின்னால் சமையல் கொட்டகைச் சுவர் புகை படிந்து கரேல் என்று இருந்தது. அதன் முன்னால் இரண்டு செங்கல்லை வைத்து ஆளுக்கு ஓர் இடம் குறித்தேன். கண் வைத்துப் பார்க்கிற துவாரமும் லென்ஸும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதால் செங்கற்களை நகர்த்தி நகர்த்திச் சரிபார்த்தேன். இரண்டு பேரிடமும் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் நிற்க வேண்டாம், தனித்தனியாகத்தான் என்றதும் ஒப்புக்கொண்டார்கள்.

புருஷன் வந்து நேராக வலப்பக்கச் செங்கல்லருகே நின்றார். எடுத்தேன். போய்விட்டார். அடுத்து அண்ணன் வந்தார். இடப்பக்கச் செங்கல்லைக் காட்டினேன்.

"அவரு எங்க நின்னாரு?"

புத்தி கெட்டுப்போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தாய்மாமன் நானு. எனக்கு எடது பக்கமா?" என்று விறுவிறுவென நடந்து வலப்பக்கமே போய் நின்றார்.

"அண்ணே, அந்த எடத்துல ஏற்கெனவே ஆளு இருக்குண்ணே!"

"எங்க இருக்கு? நாந்தான நிக்கிறேன்."

அவர் இடப்பக்கம் விழுகிற மாதிரி காமிராவைத் திருப்பலாம் என்றால் அந்தப் பக்கம் சுவர் முடிந்து வெயில் கொளுத்துகிறது. உள்ளே இருக்கும் படமும் வெளுத்துவிடும். கெஞ்சினேன். கும்பிட்டேன். மனிதர் அசையவில்லை. "எடுக்கிறியா, நான் கெளம்பட்டுமா?" என்றார். தலைவிதியே என்று அமுக்கினேன்.

படத்தைக் கவிழ்த்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, கொட்டகை அடுப்பருகே நின்ற அவளிடம் போனேன். திருப்பிப் பார்த்தால் உடம்பு ஒன்றுதான். நெற்றியில் அண்ணனின் விபூதிப் பட்டை, கீழே புருஷனின் முறுக்கு மீசை. எந்தக் கண் யாருடையது என்று தெரியவில்லை. ஒருத்தி வாயைத் திறந்து கேட்ட ஒரே ஒரு படத்தைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். முதலில் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சத்தம் கேட்டுப் புருஷன் வந்து அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். பைக்கை எடுக்கப் போன அண்ணனும் திரும்பி வந்தார்.

"என்னத்தா இது, கூத்தா இருக்கு?" என்ற அண்ணன், படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "குடு, எனக்கு ஒண்ணு எடுத்துக்கிறேன்" என்று போனை நீட்டினார்.

அவள் படத்தைச் சட்டென்று மார்போடு மறைத்துக்கொண்டாள்.

"போனை உள்ள வையி. இது ஒண்ணுதான் இருக்கு. இதுக்குக் காப்பி கெடையாது. பாக்கணும்னா எங்க வீட்டுக்கு வந்து பாரு."

அண்ணன் கையில் போன் நீட்டியபடியே இருந்தது. புருஷன் மீசையைத் தடவினார், அடுப்பைப் பார்த்தார், பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"வீடு தெரியும்ல, மச்சான்?"

"தெரியும்" என்றார் அண்ணன். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுப்புப் புகை என்றெல்லாம் நான் சாக்குச் சொல்ல மாட்டேன். நின்ற இடத்திலேயே அழுதேன்.