சூடே ஆகாத வண்டி

"உன் அண்ணி டீசலை எடுத்து விப்பாளாடி?"

அம்மா இதைக் கேட்டபோது நான் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். "சேச்சே" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அண்ணியோடு ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. அதை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் பயனில்லை.

அம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அண்ணி வேலை பார்க்கும் சலவை நிலையத்தில், துணி மடிக்கும் கூடத்தின் நடுவில் நின்று, இருபது பேர் காதில் விழ, முதலாளி சொல்லியிருந்தார்: "லிட்டருக்குப் பதிமூணு ஓடின வண்டி, உன் கைக்கு வந்ததும் ஏழு ஓடுது. மீதி ஆறு எந்த ஓட்டையில போகுதுன்னு எனக்குத் தெரியாதாம்மா? ஒண்ணாந்தேதி சாவியை வச்சிடு."

அன்று தேதி ஆறு.

அந்தச் சாவி அண்ணிக்கு என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி வந்த மறுமாதமே அங்கே துணி மடிக்கப் போனார். சின்ன ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளையும் திரைகளையும் வெளுத்துக் கொடுக்கும் இடம் அது. ஐந்து வருடம் நின்றுகொண்டே மடித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், முற்றத்தில் நிற்கும் பிக்கப் வண்டியை முன்னால் நகர்த்த, பின்னால் நகர்த்த என்று யாரையும் கெஞ்சாமல் தானே பழகினார். லைசென்ஸ் தேர்வில் ரிவர்ஸ் எடுப்பதில் இரண்டு முறை தோற்றார். மூன்றாவது முறை தேறினார்; தேர்வாளர் வண்டியிலிருந்து இறங்கும்போது, "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றாராம். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பழைய டிரைவர் வேலையை விட்டுப் போய், பிக்கப் சாவி அண்ணி கைக்கு வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் அனுப்புவது வாடகைக்குச் சரியாகப் போகும். மற்றதெல்லாம் அந்தச் சாவியில்தான் ஓடியது.

அன்று சாயங்காலம் அண்ணி அழவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அம்மாவிடம் வந்து நின்றார்.

"அத்தை, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேக்க மாட்டேன். ஒண்ணாந்தேதி நீங்களே சொல்லுங்க."



மறுநாள் அண்ணி செய்த முதல் வேலை, வண்டியின் டீசல் டேங்க்குக்குப் பூட்டு போட்ட மூடி வாங்கி மாட்டியது. சாவி இரண்டையும் முதலாளி மேசையில் வைத்தார்.

"இனிமே டீசல் போடறப்போ நீங்களே வந்து திறங்க, முதலாளி. மூடறதும் நீங்களே."

"பெரிய ஆள்தான் நீ" என்றார் அவர். ஆனால் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். ஏழு. துளிகூட ஏறவில்லை, இறங்கவில்லை.

"அப்போ திருடலை. ஓட்டத் தெரியலை" என்றார் முதலாளி.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன அண்ணியின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "பழியில பாதி இறங்கிருச்சு" என்றார். "மீதிப் பாதியையும் இறக்கணும்."

கூடத்தில் அதற்குள் பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். பெரிய உருளை இஸ்திரி மெஷினை இயக்கும் அக்கா, அண்ணி உள்ளே நுழைந்தாலே, "வழி விடுங்கப்பா, டீசல் ராணி வர்றாங்க" என்பார். ஆஸ்பத்திரி வாசல்களில் நிற்கும் காவலாளிகள்வரை அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது.

தெருமுனை மெக்கானிக்கின் பெயர் அவசரம். யார் வண்டி கொண்டுவந்தாலும் "அவசரமா?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் எடுத்துக்கொள்வதால் வந்த பெயர். அவர் காற்று வடிகட்டியைப் பார்த்தார். டயரில் காற்றுப் பார்த்தார். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். டீசல் குழாய்களைத் தடவித் தடவி முகர்ந்தார்.

"வண்டி சுத்தம்மா. நல்ல வண்டி. முதலாளி சொல்வாரே, எத்தனை ஏத்தினாலும் சூடே ஆகாதுன்னு. அப்படிப்பட்ட வண்டி."

அது உண்மைதான். சூடே ஆகாத வண்டி என்று முதலாளி அதைப் பற்றி மார்தட்டிக்கொள்வதை அண்ணி நூறு முறை கேட்டிருக்கிறார்.

பத்தொன்பதாம் தேதி, பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை அண்ணி வண்டியில் ஏற்றினார். "வாயாடி, இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு எழுது. வண்டி எப்போ கிளம்புது, எப்போ நிக்குது, எத்தனை கிலோமீட்டர். அவ்வளவுதான்."

எழுதினேன். வெளுத்த கட்டுகளோடு கிளம்பி இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். கட்டுகளை இறக்குவோம். அதே இடங்களிலிருந்து அழுக்கு மூட்டைகளை ஏற்றித் திரும்புவோம். வெளுத்ததும் அழுக்கும் ஒரே நேரத்தில் வண்டியில் இருக்கக் கூடாது என்பது அங்கே மாறாத விதி. அதனால் ஒவ்வொரு முறையும் வண்டியின் தளத்தை மருந்துத் தண்ணீர் ஊற்றித் துடைத்து, காய விட வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம். பிறகு அடுத்த இரண்டு ஆஸ்பத்திரி. இப்படிப் பதினான்கு ஆஸ்பத்திரிக்கு ஏழு நடை. ஒரு நடை மூன்று கிலோமீட்டர், மிஞ்சினால் நான்கு. இறக்கும்போது அண்ணி எஞ்சினை அணைப்பதில்லை. அணைத்து அணைத்துக் கிளப்பினால்தான் டீசல் அதிகம் குடிக்கும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

நான்காவது நடையில் மழை பிடித்தது. முன்கண்ணாடியில் ஆவி படர்ந்தது. சூடான காற்று வரும் குமிழை அண்ணி திருகினார். ஜில்லென்று காற்று வந்தது. ஐந்தாவது நடையிலும் ஜில். ஏழாவது நடை முடிந்து முற்றத்தில் நிறுத்தியபோதும் அதே.

அண்ணி இறங்கவில்லை. வண்டியின் முன்பலகையில் வெப்பம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காலையில் எங்கே படுத்திருந்ததோ அங்கேயே படுத்திருந்தது.

"உருளை மெஷினைக் காலையில என்ன செய்வோம் தெரியுமா?" என்றார் திடீரென்று.

எனக்குத் தெரியாது.

"சூடாகறதுக்கே இருபது நிமிஷம் விடணும். அந்த இருபது நிமிஷத்துலதான் கரண்டைக் குடிக்கும். சூடாயிட்டா அப்புறம் கொஞ்சமாத்தான் இழுக்கும். அதனால துணி எல்லாம் சேர்ற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது. நடுவுல அணைச்சா அந்தக்கா கத்துவாங்க. அஞ்சு வருஷம் அதைக் கேட்டிருக்கேன்." முள்ளை விரலால் தட்டினார். "இந்த வண்டி நாள் பூரா சூடாகற வேலையையே பார்த்துக்கிட்டு இருக்கு. சூடாகவே இல்லை."

அப்போதுதான் முதலாளியின் கார் முற்றத்துக்குள் வந்தது. அவர் வீடு அங்கிருந்து நான்கு கிலோமீட்டர். அவர் இறங்குவதற்குள் அண்ணி குதித்து இறங்கி, கார் ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தார். காரின் வெப்ப முள் சரிபாதியில் நின்றது.

"என்னம்மா, என் காரிலேயும் டீசல் பார்க்கிறியா?"

"உங்க கார் நாலு கிலோமீட்டர்ல சூடாயிருச்சு, முதலாளி. என் வண்டி இருபத்தஞ்சு ஓடியும் ஆகலை."

"அதுதான் அந்த வண்டியோட பெருமையே" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அண்ணி நேரே அவசரத்திடம் ஓட்டினார். மழையில் நனைந்துகொண்டே கேட்டார்: "அண்ணே, எஞ்சினை ஆத்தறது ரேடியேட்டர் தண்ணிதானே? சூடாகற வரைக்கும் அந்தத் தண்ணியை ரேடியேட்டருக்குப் போகவிடாம பிடிச்சு வைக்க ஏதாவது உள்ளே இருக்குமா?"

"இருக்குமே. தெர்மோஸ்டாட். சின்ன வால்வு."

"அதைத் திறந்து பாருங்க."

"அவசரமா?"

"ஆமாண்ணே. இன்னிக்கு நிஜமாவே அவசரம்."

அவர் நான்கு திருகாணிகளைக் கழற்றி, மூடியைத் தூக்கினார். உள்ளே விரலை விட்டார். விரலை எடுத்துப் பார்த்தார். மறுபடி விட்டார்.

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா. வெறும் ஓட்டை. நான் வெளியில பார்த்தேன். உள்ளே பார்க்கலை." விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மலைப்பாதை வண்டின்னா சில பேர் கழட்டிடுவாங்க. ஏத்தத்துல தண்ணி கொதிச்சிடும்னு பயந்து."

அந்த வெற்றிடத்தை மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அண்ணி முதலாளியைக் கையோடு கூட்டி வந்தார். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"லாண்டரிக்கு முன்னாடி இதுல கல்லு ஏத்தினேன். மலைக்கு. ரெண்டு தடவை நடுவழியில கொதிச்சு நின்னுச்சு" என்றார். "எடுக்கச் சொன்னது நான்தான். மறந்தே போச்சு."

"பதிமூணும் அந்த மலைக்கு நிக்காம போய் வந்த நீண்ட ஓட்டத்துக் கணக்குதானே, முதலாளி?"

அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே தலையாட்டினார். பழைய டிரைவர் ஓட்டிய ஊர் நடைகளை யாரும் அளந்ததே இல்லை. அதை அளக்கத் தோன்றியதே ஒரு பெண் கைக்குச் சாவி போன பிறகுதான்.

புது வால்வு அன்றே போட்டாயிற்று. அண்ணி அதோடு விடவில்லை. "இதுல என் பங்கும் இருக்கு. நின்ன இடத்துல உறும விட்டது நான்தான்" என்று தானே சொன்னார். மறுநாளிலிருந்து, இறக்க நேரம் பிடிக்கும் இடங்களில் எஞ்சினை அணைத்தார். பிறகு ஏழு நடை என்ற ஏற்பாட்டையே கேள்வி கேட்டார். ஏன் ஏழு? தொடங்கிய காலத்தில் ஆஸ்பத்திரிகள் மூன்றுதான், இரண்டு இரண்டாகப் போனால் போதும். அப்போது வைத்த வழக்கத்தைப் பதினான்கு ஆன பிறகும் யாரும் தொடவில்லை.

காலையில் வெளுத்தது எல்லாம் ஒரே சுற்று, அடுக்கிக் கட்டினால் வண்டி கொள்ளும். மதியம் அழுக்கு எல்லாம் ஒரே சுற்று. இடையில் ஒரே ஒரு முறை தளம் துடைப்பது. விதியும் கெடாது, எஞ்சினும் ஆறாது. ஆனால் மதியம்வரை அழுக்கு மூட்டைகளை ஆஸ்பத்திரிகள் வைத்திருக்க வேண்டுமே. அண்ணி பதினான்கு இடத்துக்கும் ஏறி இறங்கினார். ஒரு தலைமை நர்ஸ், "இங்க நோயாளிக்கே இடமில்லை, உங்க மூட்டைக்கு எங்க போறது?" என்று விரட்டினார். மறுநாள் அண்ணி அளவு நாடாவோடு போய், மாடிப்படிக்கு அடியில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடத்தை அளந்து காட்டி, மூடி போட்ட பெட்டி ஒன்றைத் தானே தூக்கிப்போய் வைத்தார். "நீங்க சம்மதிக்கிற வரைக்கும் வந்துக்கிட்டே இருப்பீங்க போல" என்றார் நர்ஸ். "ஆமாம்" என்றார் அண்ணி.

முப்பதாம் தேதி. முதலாளியே டேங்கைத் திறந்து, விளிம்புவரை நிரப்பி, கணக்குப் போட்டார். பத்தும் கொஞ்சமும்.

"பதிமூணு வரலையே" என்றார், பழக்க தோஷத்தில்.

"வராது. சந்துக்குச் சந்து நிக்கிற வண்டிக்கு இதுதான் வரும். வராததை வரும்னு சொல்ல மாட்டேன்."

"சரிம்மா. சாவியை நீயே வச்சுக்கோ. போதுமா?"

"போதாது, முதலாளி. எங்க நின்னு சொன்னீங்களோ, அங்கேயே நின்னு சொல்லுங்க."

அவர் டேங்க் மூடியை மறுபடி ஒரு தரம் பூட்டிப் பார்த்தார். கடைசியில் கூடத்துக்குள் வந்தார். வண்டித் தளம் துடைக்க நானும் அன்று அங்கே இருந்தேன். அவர் நடுவில் நின்று ஏதோ சொன்னார். உருளை மெஷின் சத்தத்தில் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. சொல்லிவிட்டேன் என்பதுபோல் திரும்பினார். அண்ணி நேரே போய் மெஷினை அணைத்தார்.

"ஐயோ, மறுபடி சூடாக இருபது நிமிஷம் ஆகும்டி" என்றார் அந்த அக்கா.

"ஆகட்டுங்க்கா. இன்னிக்கு ஒரு நாள் அது குடிக்கட்டும்."

கூடம் அமைதியானது. முதலாளி இந்த முறை தரையைப் பார்த்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்: "டீசலை யாரும் எடுக்கலை. குறை வண்டியில இருந்தது. அந்தக் குறையை வச்சது நான்."

அண்ணி தலையசைத்துவிட்டு மெஷினைப் போட்டார். மதியச் சுற்றுக்கு நேரமாகியிருந்தது.

 அன்று இரவு வீட்டில் அண்ணி தட்டைக் கழுவப் போனபோது, அம்மா அதை வாங்கித் தானே கழுவினார். ஒண்ணாந்தேதி சொல்ல வேண்டியதை ஒரு நாள் முன்னதாகவே அப்படிச் சொல்லிவிட்டார். நான்தான் சொல்லாமல் பாக்கி வைத்திருந்தேன். இது அதற்குத்தான்: அண்ணி எடுக்க மாட்டார், அம்மா. எடுக்கவே மாட்டார்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. "டீசல் ராணி" என்ற பெயர் ஒரே வாரத்தில் பதினான்கு ஆஸ்பத்திரி வாசலுக்கும் போனது. முதலாளி திருத்திச் சொன்னது அந்தக் கூடத்தின் சுவரைத் தாண்டவில்லை. போன வாரம்கூட ஒரு காவலாளி அதே பெயரைச் சொல்லிச் சிரித்தார். ஆகவே இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது குறுந்தூரத்துக்கு வண்டி ஓட்டுகிறவராக இருந்தால், அல்லது அப்படி ஓட்டுகிறவர்மேல் சந்தேகப்படுகிற முதலாளியாக இருந்தால், அவரிடம் இதைச் சொல்லுங்கள். வெப்ப முள்ளை ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். பழி போன தூரம் அளவுக்காவது இதுவும் போகட்டும்.