பெரிய குட்டைப் படையல்

ரவாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு குட்டைகள் இருந்தன. ஈயம் தோண்டியவர்கள் வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப்போன பள்ளங்கள். பெரிய குட்டையில் எல்லோரும் குளிப்பார்கள், மீன் பிடிப்பார்கள். அதற்கு அப்பால் சேற்றுக்குட்டை. ஈயம் கழுவிய சேற்றையெல்லாம் அங்கேதான் விட்டிருந்தார்கள். பாலில் ஆடை படிந்ததுபோல் மேலே காய்ந்திருக்கும்; அடியில் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் போனால் அப்பாவின் பெல்ட்தான் பேசும்.

எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. எங்கள் பட்டம் அறுந்து சேற்றின் நடுவே விழுந்தது. அண்ணன் எடுக்கப் போனான். பத்து அடி வைத்திருப்பான். பிறகு அவன் இல்லை. சேறு மறுபடி மூடிக்கொண்டது.

வீட்டுக்கு ஓடிவந்து, பெரிய குட்டையில் முங்கிவிட்டான் என்றேன். உண்மையைச் சொன்னால் அடி விழும் என்ற பயம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. தீயணைப்பு ஆட்கள் மூன்று நாள் பெரிய குட்டையைக் கலக்கிவிட்டு வெறுங்கையோடு போனார்கள்.

அம்மா ஒவ்வொரு வருடமும் அவன் திதிக்குப் பெரிய குட்டைக் கரையில் இலை போட்டுப் படைப்பார். அவனுக்குப் பிடித்த மீகூன் என்கிற அரிசிச் சேமியா, கோழிப் பிரட்டல், ஒரு டம்ளர் ரோஸ் சிரப் தண்ணீர். அந்தக் குட்டையைச் சுற்றி இப்போது பூங்கா வந்துவிட்டது; காலையில் ஓட வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள். நான் சேற்றுக்குட்டைப் பக்கம் திரும்பவே மாட்டேன். முதுகை யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். காக்காய்க்கு வைத்தது போக மீதியை நாங்கள் சாப்பிடுவோம். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு நாற்பது வருடமாகக் கிடைத்தது.

இந்த வருடம் சேற்றுக்குட்டையைத் தூர்க்க ஆரம்பித்தார்கள். வரிசை வீடுகள் வரப்போகின்றனவாம். லோரி லோரியாகச் செம்மண் கொட்டுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாளில் அவன் மேல் யாரோ அடுப்படி கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு சொல்லி என்ன பயன்?

அன்று மாலையே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. அம்மா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"அப்போ நான் வெச்சது எதுவுமே அவன்கிட்ட போகலையா?" என்றார். "இத்தன வருஷமா எம்புள்ள பட்டினியாவா கெடந்தான்?"