தேயிலைச் சரிவு வழியாகப் பள்ளிக்கு

என் மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளி வேனில் வாந்தி எடுத்துவிடுவாள். நீலகிரியில் கட்டபெட்டுக்குக் கீழே இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பள்ளி அவ்வளவு தூரமில்லை. தேயிலைச் சரிவில் ஏறிப் போனால் இருபது நிமிட நடை. வேன் ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். பையில் இன்னொரு யூனிஃபார்ம் வைத்துத்தான் அனுப்புவேன்.

அந்த ஜூன் மாதம் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் நடந்து வரட்டும், பெரியவர் ஒருவர் கூட வந்தால் நல்லது என்று எழுதியிருந்தார்கள். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் என் கணவர் அதைப் படித்துவிட்டு டிவி மேல் வைத்தார்.

"காட்டெருமை திரியற எடத்துல புள்ளைய நடக்க வுடறதா?"

"நான் கூடப் போறனுங்க. ஒரு வாரம் பாக்கலாம்."

அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குக் கிளம்பினார்.

அதே பள்ளியில் படிக்கும் பக்கத்து வீட்டு அக்கா தங்கை இருவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். முதல் நாள் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது. காரணம் நான்தான். மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. பிள்ளைகள் முன்னால் ஏறிப் போய் நின்று காத்திருந்தார்கள். மகள் வாந்தி எடுக்கவில்லை. ஒருநாள் அவள் சாக்ஸுக்குள் அட்டை ஏறியது. அதைத் தவிர அந்த வாரத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் நல்ல மூடுபனி. பாதையின் நடுவே காட்டெருமை நின்றிருந்தது. எங்களுக்கும் அதற்கும் ஒரு பஸ் நீளம் இருக்கலாம். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் குரல் கொடுத்தார்.

"ஓடீராதீங்க அக்கா! அப்படியே பின்னால போயி நில்லுங்க. அதுவே போயிரும்."

மூன்று பிள்ளைகளின் கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் நகர்ந்தேன். கால் மணி நேரம் கழித்து அது செடிகளைத் தாண்டி ஓடைப் பக்கம் இறங்கிப் போனது.

இதை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, சாயந்திரம் மகளே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. மறுநாள் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினார். அந்த இடம் வந்ததும் குளம்புத் தடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கொழுந்து பறிக்கும் பெண்களிடம் போனார்.

"தெனமும் எத்தன மணிக்கு இங்க வருவீங்க?"

"எட்டு மணிக்கெல்லாம் வந்துருவமுங்க. நாங்க பேசற சத்தத்துக்கு அது கிட்ட வராதுங்க. நேத்துத்தான் பனியில நின்னுபோச்சு."

"அப்ப எட்டுக்கு முன்னால இந்தப் பக்கம் வர வேண்டாம். பனி எறங்கியிருந்தா ரோட்டுலயே போங்க," என்று என்னிடம் சொன்னார். மகளுக்கு இனி வேன் வேண்டாம் என்று அன்றே டிரைவருக்குப் போன் செய்ததும் அவர்தான்.

ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகு ஒருநாள் மகள் சொன்னாள்: "அம்மா, நாளைக்கு நீ வராத. நாங்களே போயிக்கறோம்."

"ஏன் கண்ணு?"

"நீ ரொம்ப மெதுவா நடக்கற."

மறுநாள் வீட்டு வாசலில் நின்று, மூவரும் சரிவில் ஏறி அந்தப் பெண்களைத் தாண்டிப் போகும்வரை பார்த்தேன். மகள் திரும்பிப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. எட்டேகால் மணிக்கு வேலை ஒன்றும் மீதி இல்லாமல் வீட்டில் இருப்பது புதிதாக இருந்தது. இன்னொரு டீ போட்டுக் குடித்தேன்.